பேச்சு நின்ற லேப்டாப்

வரலாற்று ஆசிரியராகச் சேர்ந்து பதினோரு வருடமாகியும் வளவனிடம் யாரும் வினாத்தாள் எடுக்கச் சொன்னதில்லை. மண்ணச்சநல்லூர் பக்கத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் அவனுக்கு வேலை. அரையாண்டு, திருப்புதல் என்று மாவட்டம் முழுவதற்கும் ஒரே தேர்வு வரும்போதெல்லாம், பாடத்துக்கு ஒரு பள்ளியாகப் பிரித்துக் கேள்வி எடுக்கும் வேலையைக் கொடுப்பார்கள். ஒருமுறை வரலாறு இந்தப் பள்ளிக்கே வந்தது. அப்போதும் அதைப் பொருளாதார ஆசிரியரிடம் கொடுத்துவிட்டார்கள். ஏன் என்று அவனிடம் யாரும் சொல்லவில்லை. சொல்லாமலே தெரிந்த விஷயம்தான். வினாத்தாளை எடுப்பவரைத் தவிர வேறு கண் பார்க்கக் கூடாது. வளவனுக்கோ ஏழு வயதில் வந்த காய்ச்சலில் பார்வை போய்விட்டது. அவனுக்காக யாராவது எழுதித்தர வேண்டும், யாராவது படித்துச் சரிபார்க்க வேண்டும் என்று எல்லோரும் அவர்களாகவே நினைத்துக்கொண்டார்கள்.

அவனோ தினமும் தட்டச்சு செய்துகொண்டிருந்தான். ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில், மாடியில் வாடகை வீடு. ஹாலில் ஜன்னலை ஒட்டிய மேஜையில் அவனுடைய லேப்டாப். திரையில் இருப்பதையெல்லாம் வாய்விட்டுப் படிக்கும் ஸ்க்ரீன் ரீடர் ஒன்று அதில் ஓடிக்கொண்டே இருக்கும். எந்த விசையைத் தட்டினாலும் அது சொல்லும், எந்த வரிக்குப் போனாலும் படிக்கும். பாடக்குறிப்பு, விண்ணப்பம், பாங்கிக்குக் கடிதம் எல்லாம் அவனே அடித்துக்கொள்வான். அவன் மனைவி பானுப்ரியா தில்லைநகரில் ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸ். அவளிடம் ஒரு தாளைக்கூடப் படித்துக் காட்டச் சொல்லி நிற்கக் கூடாது என்பது கல்யாணமான புதிதிலேயே அவன் எடுத்த முடிவு.

சிக்கல் ஆரம்பித்தது போன மே மாத விடுமுறையில். லேப்டாப் ஆமை வேகத்தில் நகர்ந்ததால் அதைச் சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் சர்வீஸ் கடை வைத்திருக்கும் அப்துல் ஹலீமிடம் கொண்டுபோனான். ஹலீம் திறந்து பார்த்துவிட்டு, அக்டோபரோடு இந்த விண்டோஸுக்குப் பாதுகாப்பு அப்டேட் நின்றுவிடும், புது விண்டோஸை இந்த மிஷின் ஏற்றுக்கொள்ளாது என்றார். வேறு லேப்டாப் வாங்குவதுதான் நல்லது என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் வளவன் பீமராவுக்குப் போன் போட்டுவிட்டான்.

பீமராவ் அவனோடு பார்வையற்றோர் பள்ளி விடுதியில் ஒரே அறையில் இருந்தவன். இப்போது திருவெறும்பூரில் இருந்துகொண்டு ஒரு கால் சென்டருக்கு வேலை பார்க்கிறான். ஆறு வருடமாக லினக்ஸ்தான் பயன்படுத்துகிறான். யார் வேண்டுமானாலும் எடுத்துப் போட்டுக்கொள்ளலாம், யார் வேண்டுமானாலும் உள்ளே கைவைத்துத் திருத்தலாம், பழைய மிஷினிலும் ஓடும், ஆர்க்கா என்ற ஸ்க்ரீன் ரீடர் கூடவே வரும் என்று பார்க்கும்போதெல்லாம் வளவனிடம் சொல்லிவந்தவன். அன்றைக்கும் அதையே சொன்னான். ஹலீம் ஒரு மணி நேரத்தில் லினக்ஸைப் போட்டுக் கொடுத்தார். கொடுக்கும்போது, "சார், போட்டுத் தர்றதோட என் வேலை முடிஞ்சுது. இதுல ஏதாச்சும் ஆச்சுன்னா எனக்கும் பாதிதான் தெரியும்" என்று கையை விரித்தார்.

முதல் மாதம் வளவன் பட்ட பாடு கொஞ்சமில்லை. பத்து வருடமாக விரல்களில் ஊறியிருந்த கீபோர்டு சாவிகள் ஒன்றுகூட ஒத்துவரவில்லை. பழைய பழக்கத்தில் எதையாவது தட்டினால், எழுதிக்கொண்டிருந்த பக்கம் காணாமல் போய் வேறேதோ திறந்துகொள்ளும். தமிழ் படிக்கும் குரல், சளி பிடித்த ஒருவன் தகர டப்பாவுக்குள் உட்கார்ந்து பேசுவதுபோல் இருந்தது. தமிழ்99 விசைப்பலகையைக் கொண்டுவர மூன்று நாள் ஆனது. வந்த பிறகும் விண்டோஸ் சாவியோடு ஸ்பேஸ்பாரைச் சேர்த்து அழுத்தினால்தான் ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கும், தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கும் மாறும். மாறியதா இல்லையா என்று ஓரெழுத்தைத் தட்டிப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

இதையெல்லாம்விட டெர்மினல்தான் அவனைப் படுத்தியது. படமும் பட்டனும் இல்லாமல், கட்டளையை எழுத்தாலேயே கொடுத்துப் பதிலை எழுத்தாலேயே வாங்கும் ஜன்னல் அது. பார்வையில்லாதவனுக்கு இதைவிட வசதி எதுவுமில்லை என்பான் பீமராவ். ஆனால் ஒரு கட்டளை கொடுத்தால் இருநூறு வரி கொட்டும். ஆர்க்கா அத்தனையையும் மூச்சுவிடாமல் படிக்கும். பிழை எந்த வரியில் வந்தது என்று கண்டுபிடிப்பதற்குள் அது எங்கோ போயிருக்கும். ஓர் இடைவெளி கூடிவிட்டால் ஒரு பிழை, ஒரு கோடு குறைந்துவிட்டால் வேறொரு பிழை. வளவன் தடித்த தாளில் பிரெய்ல் சட்டத்தை வைத்து ஒவ்வொரு கட்டளையையும் புள்ளி புள்ளியாகக் குத்தி ஒரு கோப்பில் சேர்த்துவந்தான். ஜூலைக்குள் நாற்பது தாள் சேர்ந்தது.

ஒரே ஓர் இடத்தில் அவனுக்குச் சிரிப்பு வந்தது. கடவுச்சொல்லைக் கேட்கும்போது டெர்மினலில் என்ன தட்டினாலும் திரையில் ஒரு புள்ளிகூட விழாது. ஒருநாள் பானுப்ரியா பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு, எழுத்தே வரலையே, கீபோர்டு போய்விட்டதா என்று பதறினாள். பயப்படாதே, இந்த இடத்தில் எல்லோருக்கும் ஒரே கதிதான் என்றான் அவன்.

ஆகஸ்டில் வேறொரு தொல்லை வந்தது. கொஞ்சநேரம் சும்மா இருந்துவிட்டு ஏதாவது சாவியைத் தொட்டால், குரல் முதல் அசையை விழுங்கியது. 'சோழர்' என்பது 'ழர்' என்று கேட்டது, 'பேரரசு' 'ரரசு' ஆனது. ஒலிக்கருவி தூங்கிப்போய்விடுகிறது, அதைத் தூங்கவிடாமல் ஒரு சின்ன அமைப்புக் கோப்பு எழுதிப் போட வேண்டும் என்றான் பீமராவ். ஒன்பது வரி. அடைப்புக்குறி, காற்புள்ளி, மேற்கோள் என்று நெருஞ்சிமுள்ளாக இருந்த அந்த ஒன்பது வரியை ஒரு சனிக்கிழமை முழுக்க உட்கார்ந்து அடித்து முடித்தான். சோழருக்கு முதலெழுத்து திரும்பி வந்தது. அந்தக் கோப்பைப் பற்றி அதன்பிறகு அவன் நினைக்கவேயில்லை.

நவம்பரில் தலைமையாசிரியர் பிச்சமுத்து அவனை அறைக்குக் கூப்பிட்டார். பதினொன்றாம் வகுப்பு வரலாற்றுக்கு அரையாண்டு வினாத்தாள் எடுக்கும் பொறுப்பு பள்ளிக்கு வந்திருந்தது. பொருளாதார ஆசிரியர் மாற்றலாகிப் போயிருந்தார். பிச்சமுத்து நல்ல மனிதர்தான். ஆனாலும் கேட்டுவிட்டார்.

"வளவன் சார், தப்பா நினைச்சுக்காதீங்க. வேற யாரையும் வெச்சு அடிக்க முடியாது. உங்களால தனியா முடியுமா?"

"முடியும் சார். நானே அடிச்சு, நானே சரிபார்த்து, பென் டிரைவ்ல போட்டு உங்க கையில தர்றேன்."

"வீட்டுலகூட யாரும் பார்க்கக் கூடாது. எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரணும்."

வளவன் அங்கேயே கையெழுத்துப் போட்டான். புதன்கிழமை காலை கொடுக்க வேண்டும், கையில் பத்து நாள் இருந்தது. அந்தப் பத்து நாளில் ஏழு நாள் எல்லாம் ஒழுங்காக நடந்தது. ஒரு மதிப்பெண் கேள்விகளை முடித்தான். சோழர் கால ஊராட்சி, விஜயநகர நிர்வாகம் என்று நெடுவினாவரை வந்துவிட்டான். வரைபடக் கேள்வியும் சில திருத்தங்களும் மட்டும் பாக்கி.

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு அவன் வழக்கம்போல் அப்டேட் கட்டளையைக் கொடுத்தான். வாரத்துக்கு ஒருமுறை ஞாயிறன்று அப்டேட் என்பது பீமராவ் சொல்லிக் கொடுத்த பழக்கம். மிஷினைச் சுத்தமாக வைத்துக்கொள்கிறோம் என்ற நினைப்பில் அவனுக்கே அதில் ஒரு பெருமை இருந்தது. கட்டளை முடிந்தது, மறுபடி துவக்கச் சொன்னது, துவக்கினான். விசிறி சுழலும் சத்தம் கேட்டது. கடவுச்சொல்லை அடித்து எண்டரைத் தட்டினான். 'ஸ்க்ரீன் ரீடர் ஆன்' என்ற குரல் வர வேண்டும். வரவில்லை.

பத்து எண்ணினான். நூறு எண்ணினான். ஆர்க்காவைத் துவக்கும் சாவிகளை அழுத்தினான், மறுபடி அழுத்தினான். ஒலியளவைக் கூட்டும் சாவியை இருபது தடவை தட்டினான். ஹெட்போன் ஒயரைச் செருகிப் பார்த்தான். பானுப்ரியாவின் ப்ளூடூத் ஹெட்போனும் அந்த லேப்டாப்பில் பழகியதுதான், அதையும் போட்டுப் பார்த்தான். மூன்று தடவை அணைத்துத் துவக்கினான். அந்தச் சின்னப் பெட்டி அவன் மேஜைமேல் விசிறியை மட்டும் சுற்றிக்கொண்டு ஊமையாகக் கிடந்தது. ஏழு நாள் உழைப்பு உள்ளே இருந்தது. அது இருக்கிறதா இல்லையா என்பதுகூட அவனுக்குத் தெரியவில்லை.

பானுப்ரியா அப்போதுதான் நைட் டியூட்டி முடிந்து வந்து காபி போட்டுக்கொண்டிருந்தாள். திரையில் என்ன இருக்கிறதென்று கேட்கக் கூடாது என்றுதான் பார்த்தான். முடியவில்லை. கூப்பிட்டான்.

எல்லாம் நல்லாத்தான் இருக்கு, படமெல்லாம் வந்திருக்கு என்றாள் அவள். ஒலி அமைப்புக்குள் போய்ப் பார்க்கச் சொன்னான். அவளுக்கு அது எங்கே இருக்கிறதென்று தெரியவில்லை, அவனுக்கும் திரையில் எந்த மூலை என்று சொல்லத் தெரியவில்லை. சாவிகளைச் சொன்னால் அவள் மவுஸைத் தேடினாள். கால் மணி நேரம் கழித்து ஒரு பக்கத்தைத் திறந்து, 'டம்மி அவுட்புட்' என்று மட்டும் போட்டிருக்கிறது என்றாள். உண்மையான ஸ்பீக்கர் எதுவும் பிடிபடாதபோது வரும் பெயர் அது. வேறு எதுவும் இல்லையா என்றான். இல்லை என்றாள். நன்றாகப் பார் என்றான். கண்ணைத் தேய்த்துக்கொண்டு ஒரு பெயரைப் படித்தாள், அது தப்பாக இருந்தது, திரும்பப் படித்தாள். அவன் பொறுமை போய்விட்டது.

"உனக்கு இங்கிலீஷ் படிக்கக்கூடத் தெரியாதா? நாலெழுத்து சேர்ந்தாப்ல ஒழுங்கா சொல்ல மாட்டியா?"

அவள் மவுஸிலிருந்து கையை எடுத்தாள். பிறகு குரலை உயர்த்தாமல் சொன்னாள்.

"பன்னெண்டு மணி நேரம் ஐசியூல நின்னுட்டு வந்திருக்கேங்க. நான் உங்க பொண்டாட்டி. ஸ்க்ரீன் ரீடர் இல்ல."

காபித் தம்ளரை அவன் கை எட்டும் இடத்தில் வைத்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். காபி ஆறி ஆடை படிந்தது. அவன் தொடவில்லை. பன்னிரண்டு வருடமாக எதைச் செய்யக் கூடாது என்று இருந்தானோ அதைச் செய்தாகிவிட்டது. அதையும் திட்டிக்கொண்டே செய்தாகிவிட்டது.

ஹலீமுக்குப் போன் செய்தான். ஞாயிறென்றாலும் எடுத்தார். கொண்டுவந்து கொடுங்கள், அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டுவிடலாம், செவ்வாய்க்கிழமை வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்றார். அழிப்பதற்கு முன் உள்ளே இருப்பதை எடுத்து வைத்துவிடுவதாகவும் சொன்னார். அதைத்தான் வளவனால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. ஹலீம் திறந்து படிக்கிற ஆள் இல்லை. ஆனாலும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது இவன். போன் கேமராவைத் திரைக்கு நேரே பிடித்தால் எங்கிருந்தோ ஒருவர் பார்த்துச் சொல்லும் செயலியும் அவன் போனில் இருந்தது. முகமறியாத ஒருவருக்கு அந்தத் திரையைக் காட்டுவதற்கும் மனம் வரவில்லை.

கடைசியில் பீமராவைக் கூப்பிட்டான். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு பீமராவ் ஒரே கேள்வி கேட்டான்: எஸ்எஸ்எச் போட்டு வைத்திருக்கிறாயா? போனிலிருந்து லேப்டாப்புக்குள் நுழைந்து, லேப்டாப்பின் டெர்மினலைப் போனில் கேட்பதற்கான வழி அது. போனில் பேசும் வசதி தனியாக இருப்பதால், லேப்டாப் ஊமையானாலும் போன் படித்துக் காட்டிவிடும். ஜூலையிலேயே அதைப் போட்டுக்கொள்ளச் சொல்லியிருந்தான். நாளைக்கு நாளைக்கு என்று வளவன் தள்ளிப்போட்டிருந்தான்.

"எத்தனை தடவ சொன்னேன்டா? நமக்கெல்லாம் அதுதான் மாற்றுச் சாவின்னு சொன்னேனா இல்லையா?"

"இப்ப அதச் சொல்லிக் காட்டத்தான் போன எடுத்தியா? வெச்சிடு."

வளவனே வைத்துவிட்டான். ஐந்து நிமிடம் கழித்து பீமராவே கூப்பிட்டான். இரண்டு பேரும் முந்தைய பேச்சை எடுக்கவில்லை. குரல் இல்லாவிட்டாலும் கட்டளை வேலை செய்யும், குருட்டாம்போக்கில் அடி என்றான் பீமராவ். கண்ணில்லாதவர்கள் இருவர் அந்தச் சொல்லைச் சொல்லிக்கொண்டது வேறொரு நாளாக இருந்தால் சிரிப்பாகியிருக்கும்.

டெர்மினலைத் திறக்கும் மூன்று சாவிகளை அழுத்தினான். எஸ்எஸ்எச்சை நிறுவும் கட்டளையை ஒவ்வோர் எழுத்தாக, விரலுக்கு விரல் சரிபார்த்து அடித்தான். எண்டர். கடவுச்சொல். எண்டர். இரண்டு நிமிடம் காத்திருந்தான். வீட்டு வைஃபை பெட்டியின் பக்கத்தைப் போனில் திறந்து, லேப்டாப்பின் முகவரி எண்ணைக் கண்டுபிடித்தான். போனிலிருந்து அந்த எண்ணைத் தட்டினான். இணைப்பு மறுக்கப்பட்டது என்றது போன்.

மறுபடி அடித்தான். மறுக்கப்பட்டது. டெர்மினல் திறந்திருக்கிறதா, கடவுச்சொல் கேட்டதா, அவன் அடித்தது வேறெங்காவது போய் விழுகிறதா, எதுவும் தெரியவில்லை. வினாத்தாள் கோப்பே திறந்திருந்து, இந்தக் கட்டளையெல்லாம் நெடுவினாவுக்கு நடுவில் போய்ச் சேர்ந்தால் என்ற எண்ணமும் வந்தது. ஆறாவது முறை மறுக்கப்பட்டபோது லேப்டாப்பை மூடினான். மூடிய வேகத்தில் பிரெய்ல் கோப்பு சரிந்து தாளெல்லாம் தரையில் பரவியது. குனிந்து தடவித் தடவிப் பொறுக்கினான். வரிசை குலைந்துவிட்டது. நாற்பதுக்கும் மேற்பட்ட தாள்களைத் தரையில் பரப்பி உட்கார்ந்து, ஒவ்வொன்றையும் விரலால் படித்து அடுக்கினான். ஒரு சனியனைத் தேடிப்போய் வீட்டுக்குள் கூட்டிவந்தோமே என்று மனம் பொருமியது. மற்றவர்கள் கடையில் கொடுத்து வாங்கிக்கொண்டு போகிறார்கள். நான் மட்டும் எதற்காக இதன் வயிற்றுக்குள் கைவிட வேண்டும்?

ஏழாவது தாளோ எட்டாவது தாளோ கையில் வந்தது. விண்டோஸ் சாவியோடு ஸ்பேஸ்பார், மொழி மாற்ற.

வளவன் அந்த வரியை விரலால் இன்னொரு முறை படித்தான். காலையில் பதற்றத்தில் ஆர்க்காவைத் துவக்கும் சாவிகளைக் கொத்தாக அழுத்தியபோது விண்டோஸ் சாவியும் ஸ்பேஸ்பாரும் சேர்ந்து அழுந்தியிருக்கலாம். அப்படியானால் ஒரு மணி நேரமாக அவன் லேப்டாப்புக்குத் தமிழில் கட்டளை கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறான். ஆங்கில எழுத்து என்று நினைத்துத் தட்டியதெல்லாம் அர்த்தமில்லாத தமிழாக அங்கே குவிந்திருக்கும்.

எழுந்துபோய் லேப்டாப்பைத் திறந்து மொழியை மாற்றினான். புது டெர்மினல் திறந்து, அதே கட்டளையை ஏழாவது முறையாக அடித்தான். இந்த முறை மூன்று நிமிடம் காத்திருந்து போனில் முகவரியைத் தட்டினான். போன் கடவுச்சொல் கேட்டது. கொடுத்தான். லேப்டாப்பின் பெயரையும் அவன் பெயரையும் போன் படித்தது. உள்ளே போயாகிவிட்டது. முதல் வேலையாக வினாத்தாள் கோப்பு இருக்கிறதா என்று பார்த்தான். இருந்தது. சனிக்கிழமை மாலை எந்த அளவில் விட்டானோ அதே அளவில் இருந்தது.

பிறகும் சுலபமாக முடியவில்லை. போனின் சின்னத் திரையில் ஒவ்வோர் எழுத்தாகத் தடவித் தட்ட வேண்டியிருந்தது. பீமராவ் குரல்பதிவில் கட்டளைகளை அனுப்பினான். அதைப் பிரெய்லில் குத்திக்கொண்டு போனில் அடித்தான். ஒலியை நடத்தும் சேவை எழ முடியாமல் விழுந்து கிடப்பதாகப் பதில் வந்தது. ஏன் விழுந்தது என்று கேட்டால் எழுபது வரி வந்தது. நாற்பத்து மூன்றாவது வரியில் ஒரு கோப்பின் பெயர் இருந்தது. அந்தக் கோப்பில் நாலாவது வரி புரியவில்லை என்றிருந்தது. பெயரை இரண்டு தடவை கேட்டபிறகுதான் அவனுக்கு விளங்கியது. ஆகஸ்டில் அவன் உட்கார்ந்து அடித்த ஒன்பது வரிக் கோப்பு. புதிதாக வந்த பதிப்பில் அந்தக் கோப்பை எழுதும் முறை மாறியிருந்தது. பழைய முறையில் எழுதியதைப் பார்த்ததும் சேவை படுத்துவிட்டது.

யாரையும் திட்ட முடியவில்லை. போட்டவன் அவன்தான். எங்கே போட்டோம் என்று குறித்து வைக்காதவனும் அவன்தான்.

கோப்பின் பெயரை மாற்றி ஒதுக்க வேண்டும். அடித்தான். அப்படி ஒரு கோப்பு இல்லை என்றது. பெயரின் நடுவே இருப்பது சின்னக் கோடா, அடிக்கோடா என்று போன் சொல்லவில்லை, இரண்டையும் விழுங்கிவிட்டது. இரண்டு இடத்தில் கோடு, இரண்டு விதமான கோடு, ஒவ்வொன்றாக முயன்றான். நாலாவது தடவை போன் எதுவும் சொல்லாமல் அடுத்த வரிக்குப் போனது. டெர்மினலில் எதுவும் சொல்லாவிட்டால் வேலை முடிந்தது என்று பொருள். லேப்டாப்பை அணைத்துத் துவக்கினான்.

"ஸ்க்ரீன் ரீடர் ஆன்" என்றது தகர டப்பா.

மணி மூன்றரை ஆகியிருந்தது. அவன் இன்னும் பல் தேய்க்கவில்லை, சாப்பிடவில்லை. பானுப்ரியா எழுந்து வந்து நின்றதை வளையல் சத்தத்தில் அறிந்தான். காலையில் பேசினது தப்பு என்றான். அவள் உடனே சரி என்று சொல்லிவிடவில்லை. தோசைக்கல்லைப் போட்டுவிட்டு வந்து, எதிரில் உட்கார்ந்தாள்.

"கேட்டதுக்குக் கோபமில்லைங்க. நீங்க என்கிட்ட எதையும் கேக்கறதே இல்ல. என்னிக்கோ ஒருநாள் கேக்கறீங்க, அன்னிக்கு இப்படிப் பேசினா எப்படி?"

அவன் மூன்று தோசை சாப்பிட்டான்.

வினாத்தாள் செவ்வாய்க்கிழமை மாலை முடிந்தது. புதன் காலை நம்பர் ஒன் டோல்கேட்டில் பஸ் ஏறும்போது பென் டிரைவ் சட்டைப் பைக்குள் இருந்தது. வழியெல்லாம் கையை அதன்மேல் வைத்திருந்தான். பிச்சமுத்து வாங்கித் தன் கம்ப்யூட்டரில் திறந்தார். பக்கங்களை மேலும் கீழுமாக நகர்த்திப் பார்த்தார். கேள்வியெல்லாம் அருமையாக இருக்கிறது, ஆனால் மதிப்பெண்கள் கேள்விக்கு நேரே நிற்காமல் கீழே இறங்கியிருக்கின்றன, கடைசி இரண்டு கேள்வி தனிப் பக்கத்துக்குப் போய்விட்டது என்றார். லினக்ஸில் எழுதியதை வேறு மென்பொருளில் திறந்ததால் வந்த குழப்பம்.

"பெரிய விஷயமில்ல சார். ஆபீஸ்ல சுஜாவக் கூப்பிட்டா அஞ்சு நிமிஷத்துல சரி பண்ணிடுவாங்க" என்று அவர் மணியடிக்கப் போனார்.

"வேண்டாம் சார். யாரும் பார்க்கக் கூடாதுன்னு என்கிட்ட கையெழுத்து வாங்கியிருக்கீங்க."

"அட, அவங்க நம்ம ஸ்டாஃப்தானே..."

"என் வீட்டுக்காரியும் நம்ம ஆள்தான் சார். அவங்களுக்குக்கூட நான் காட்டல. சாயங்காலத்துக்குள்ள பிடிஎஃப் ஆக்கிக் கொண்டாந்து தர்றேன். அதுல எதுவும் நகராது."

மணி அடிக்கவில்லை. பிச்சமுத்து எழுந்து பென் டிரைவை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தார். மதியத்துக்கு மேல் அவனுக்கு வகுப்பு இல்லாததால் போய்வரச் சொன்னார். வளவன் மறுபடி பஸ் பிடித்து ஸ்ரீரங்கம் வந்து, வினாத்தாளைப் பிடிஎஃப்பாக மாற்றிக்கொண்டு, நாலரை மணிக்குத் திரும்பவும் பள்ளியில் நின்றான். அந்த அலைச்சலில் அவனுக்குப் பெருமையாக எதுவும் தோன்றவில்லை. கால் வலித்தது, வெறுப்பாக இருந்தது. ஆனாலும் அரையாண்டுத் தேர்வன்று மாவட்டம் முழுக்கப் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகள் எழுதியது அவன் எடுத்த கேள்விகளைத்தான். நெடுவினா கடினம் என்று பக்கத்துப் பள்ளி ஆசிரியர் ஒருவர் குறைபட்டதாகக் கேள்விப்பட்டு, அன்று முழுக்க அவன் நல்ல மனநிலையில் இருந்தான்.

ஒதுக்கிவைத்த கோப்பு இல்லாததால் குரல் பழையபடி முதல் அசையை விழுங்கத் தொடங்கியது. புது முறையில் ஒன்பது வரியை எழுதிப் பார்த்தான். பதினோரு வரியானது, வேலை செய்யவில்லை. பீமராவுக்கும் பிடிபடவில்லை. கிறிஸ்துமஸ் விடுமுறையில் வளவன், லினக்ஸ் பயன்படுத்துவோர் கேள்வி கேட்கும் ஓர் இணையக் குழுவில் தன் ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் விவரமாக எழுதினான். தனக்குப் பார்வையில்லை, ஸ்க்ரீன் ரீடரின் முதல் அசை போகிறது, என்னென்ன முயன்றேன், என்ன பிழை வந்தது என்று ஒன்றுவிடாமல் எழுதினான். அனுப்ப ஒரு காலைப்பொழுது பிடித்தது.

மறுநாள் ஒருவர் பதில் போட்டிருந்தார். விவரமாக எழுதியதற்கு நன்றி, உங்கள் ஒலி அமைப்புப் பக்கத்தின் ஸ்க்ரீன்ஷாட் ஒன்று அனுப்ப முடியுமா என்று கேட்டிருந்தார்.

தகர டப்பா 'தேங்க்யூ'வை 'ங்க்யூ' என்று ஆரம்பித்துப் படித்து முடித்தது. வளவன் திரும்ப ஒருமுறை படிக்க வைத்துக் கேட்டான். பிறகு ஒலி அமைப்புப் பக்கத்தைத் திறந்து, படம் பிடிக்கும் சாவியை அழுத்தினான். அதில் என்ன விழுந்திருக்கிறது என்று அவனுக்குத் தெரியாது. பானுப்ரியாவைக் கூப்பிட்டு, நேரம் இருக்கும்போது ஒரு படத்தைப் பார்த்துச் சொல்கிறாயா, அவசரமில்லை என்று கேட்டான். துணி காயப்போட்டுவிட்டு வருவதாக மொட்டைமாடியிலிருந்து குரல் கொடுத்தாள். அவன் காத்திருந்தான்.